உடலில் சில புள்ளிகளை விரலால் தட்டினால் மனப் பதற்றம் குறையுமா?

பலருக்குக் குறைகிறது. ஆனால் அதற்குக் காரணம், இந்த முறையைப் பரப்புபவர்கள் சொல்லும் உடலின் 'சக்தி ஓட்டம்' என்பதை நான் ஏற்கவில்லை.

1980களில் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹன் தொடங்கிய இந்தத் தட்டும் முறையை 1990களில் அவரிடம் பயின்ற கேரி கிரெய்க் எளிமையாக்கினார். பயத்தை நினைத்து, அதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, புருவம், கண்ணோரம், மூக்குக்குக் கீழே, மோவாய், காறை எலும்பு என்று வரிசையாகத் தட்ட வேண்டும்.

2003இல் வெளியான ஓர் ஆய்வில் சிலர் இந்தப் புள்ளிகளிலும், சிலர் வேறு இடங்களிலும், சிலர் ஒரு பொம்மையின் மேலும் தட்டினார்கள். மூன்று குழுவினருக்குமே பயம் குறைந்தது! அப்படியென்றால் வேலை செய்வது புள்ளி அல்ல. பயத்தை நேராகப் பார்ப்பதும் கவனம் வேறு பக்கம் திரும்புவதும்தான் என்று நினைக்கிறேன்.

தேர்வு பயம், மேடை பயம் என்றால் சரி, தட்டிப் பாருங்கள். நெஞ்சுவலிக்கோ தற்கொலை எண்ணத்துக்கோ இதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள். கொடுமையான நினைவுகளைத் தனியாகக் கிளறவும் வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளர் கூட இருக்கட்டும்.