தலை வாரிக்கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியவருக்கு

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு மாதங்களுக்கு முன்பு நிக்கான் டி5600 கேமரா வாங்கினேன். கூடவே 18-55 மி.மீ. கிட் லென்ஸ் வந்தது. பிறகு மாற்றி மாற்றி வாங்கிப் பணத்தை வீணாக்காமல், ஆரம்பத்திலேயே சரியான லென்ஸ்களைச் சேர்த்துவிட நினைக்கிறேன். 85 மி.மீ. எஃப் 1.8, பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி, 70-200 மி.மீ. எஃப் 2.8 என்று பட்டியல் வைத்திருக்கிறேன். எதை முதலில் வாங்கலாம்? கிட் லென்ஸைப் பலரும் மட்டமாகப் பேசுவதால் அதிகம் தொடவில்லை. இதற்கிடையில் அம்மா வேறு, என்னை ஒரு போட்டோ எடேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரு நாள் தலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்ட்ரெய்ட் லென்ஸ் வரட்டும், நன்றாக எடுக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வழிகாட்டுங்கள்.

பதில்: தம்பி, லென்ஸுக்கு வருகிறேன். அதற்கு முன், அந்தச் சிரிப்பு எதற்கு?

உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். எந்த லென்ஸின் ஓரம் எவ்வளவு கூர்மை, எதில் பின்னணி எப்படிக் கரைகிறது என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் கிடைத்தது நாலு வரி. அதிலும் "அம்மா வேறு". நான் அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வயதான பெண்கள் போட்டோ எடு என்று வாய்விட்டுக் கேட்பது அரிது. கேமராவைப் பார்த்ததும் "நான் எதுக்கு, நீங்க நில்லுங்க" என்று ஒதுங்குவார்கள். எல்லோரையும் நிற்கவைத்து எடுத்துக்கொடுத்து, தான் ஒரு படத்திலும் இல்லாமல் போவார்கள். அப்படிப்பட்டவர் கூச்சத்தை விட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. தலை வாரி, வந்து உட்கார்ந்தும் இருக்கிறார். நீங்கள் சிரித்துவிட்டு, லென்ஸ் வரட்டும் என்று எழுப்பி அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாவது தடவை கேட்பார் என்றா நினைக்கிறீர்கள்?

இனி உங்கள் கணக்குக்கே வருகிறேன். அது இன்னும் கோபம் வரவைக்கிறது.

டி5600-க்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார், பழைய ஃபிலிம் அளவான 36க்கு 24 மி.மீ.யைவிடச் சிறியது. லென்ஸில் மி.மீ. எண் கூடக்கூட அது காட்டும் கோணம் குறுகும். சென்சார் சிறியது என்பதால் எந்த லென்ஸின் மி.மீ. அளவையும் 1.5 ஆல் பெருக்கினால்தான் ஃபிலிம் காலக் கணக்கில் அது காட்டும் கோணம் தெரியும். 85 மி.மீ.யை போர்ட்ரெய்ட் லென்ஸ், அதாவது முகப்படத்துக்கான லென்ஸ் என்று எல்லோரும் புகழ்வது அந்த முழு அளவுச் சென்சாரை வைத்து. இப்போது கிட் லென்ஸை 55க்குத் திருப்பி 1.5 ஆல் பெருக்குங்கள். 82.5 வரும். ஏழு மாதமாக எந்தக் கோணத்துக்காக அம்மாவைக் காக்கவைத்தீர்களோ, அது முதல் நாளிலிருந்து உங்கள் பையிலேயே இருக்கிறது.

நீங்கள் வாங்கத் துடிக்கும் 85, உங்கள் கேமராவில் 127 போல ஆகிவிடும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துத் தலையும் தோளும் எடுக்கவே இரண்டேகால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நிற்கிற ஆளை முழுதாக எடுக்க ஏறக்குறைய 7 மீட்டர். அறைக்குள் அவ்வளவு பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும், படம் எடுப்பவர் பக்கத்து அறையில் நிற்பார். லென்ஸ் நல்ல லென்ஸ்தான். வீட்டுக்குள் முதல் லென்ஸாக அது வேண்டாம்.

பின்னணி கரைய வேண்டும், அதற்குத்தானே எஃப் 1.8 என்பீர்கள். சரி, எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஒளி அதிகம் வரும், பின்னணியும் கரையும். ஆனால் அந்த 85-ஐ முழுதாகத் திறந்து இரண்டேகால் மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 5 செ.மீ. அளவுதான். முகம் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். பழகாத கையில் முதல் ஐம்பது படம் அப்படித்தான் வரும். அந்த ஐம்பதையும் அம்மாவை உட்காரவைத்தா பழகப்போகிறீர்கள்?

பழைய 50 எஃப் 1.8டி-யைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்குள் மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி5600-இல் அந்த மோட்டார் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆக வேண்டுமென்றால் நிக்கான் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். மூன்று பக்கம் ஆராய்ந்தவருக்கு இது கண்ணில் படவில்லை பாருங்கள். 70-200 எஃப் 2.8 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மேடை, விளையாட்டு மைதானம் என்று அலைபவர்களுக்கு அது சோறு போடும் கருவி. உங்கள் கடிதத்தில் மேடையும் இல்லை, மைதானமும் இல்லை.

அப்போது எதைத்தான் வாங்குவது? ஒன்றே ஒன்று: ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8. உங்கள் சென்சாரில் அது 52 மி.மீ. போலப் பார்க்கும். 1925-இல் லைக்கா கேமரா முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது அதில் கழற்ற முடியாதபடி பொருத்தியிருந்தது 50 மி.மீ. லென்ஸ்தான். பின்னாளில் லைக்காவும் கையுமாகத் திரிந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ.யிலேயே வேலை செய்தார், உங்களைப்போல லென்ஸ் பட்டியல் எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. இந்த 35-இல் நிற்கிற ஆளை முழுதாக எடுக்க 3 மீட்டர் போதும், அறைக்குள் முடியும். கிட் லென்ஸ் அதே 35 மி.மீ.யில் ஏறக்குறைய எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 என்றால் ஆறு மடங்கு ஒளி. இரவு விளக்கு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்வு எண், 6400 கேட்ட இடத்தில் 1000 போதும், புள்ளிபுள்ளியாக வராது. கிட் லென்ஸால் முடியாததை இது செய்யும் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாவது லென்ஸை இப்போது யோசிக்கவே வேண்டாம். ஆறு மாதம் இந்த இரண்டிலும் எடுங்கள். எந்தப் படத்தை எத்தனை மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும், அதை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் 55-இல் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ். 18-இல் நின்று இன்னும் அகலம் தேடுகிறீர்கள் என்றால் வைட். எடுத்த படமே இல்லாதவருக்கு யார் என்ன லென்ஸ் சொல்ல முடியும்?

ஆனால் அந்த 35-ஐக்கூட அம்மாவின் படத்துக்குப் பிறகுதான் வாங்க வேண்டும். என் அப்பாவின் படம் ஒன்று வீட்டில் மாட்டியிருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. காதோரம் கலங்கி இருக்கும், முகத்தில் யாரோ அதட்டியதுபோல ஒரு விறைப்பு. அப்போது வீட்டில் நல்ல கேமரா இருந்தது. எடுக்கத் தெரிந்த நானும் இருந்தேன், நல்ல நாளாகப் பார்த்து எடுக்கலாம் என்று. பெற்றவர்கள் கேட்பது சின்ன விஷயம் என்றால் அதை அன்றைக்கே செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பெரிய விஷயங்களுக்கு வேண்டுமானால் யோசிக்க நேரம் கேளுங்கள்.

இன்று பகலிலேயே எடுங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி அம்மாவை உட்காரவையுங்கள். பின்சுவருக்கும் அவருக்கும் எவ்வளவு இடைவெளி விட முடியுமோ விடுங்கள், பின்னணி கொஞ்சம் மென்மையாகும். லென்ஸ் 55-இல், எஃப் 5.6, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருங்கள். மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகும், காது சுருங்கும். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள், மேலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸில் இருக்கும் விஆர் என்கிற நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், அவர் தலையாட்டிப் பேசுவதை நிறுத்தாது. பேசட்டும். பத்துப் பதினைந்து எடுங்கள்.

எடுத்ததில் அவருக்குப் பிடித்ததை அவரே பொறுக்கட்டும், உங்களுக்குப் பிடித்தது வேறாக இருந்தாலும். அதை அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். உங்கள் கேமராவின் 24 மெகாபிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலே 20க்கு 13 அங்குலம் வரை தாங்கும். அவருக்கு அதில் பாதி போதும்.

கடைசியாக, செல்ஃப் டைமரை 10 நொடியில் வைத்து, கேமராவை எங்காவது நிறுத்திவிட்டு, நீங்களும் பக்கத்தில் போய் உட்காருங்கள். போவதற்கு முன் தலையை வாரிக்கொள்ளுங்கள். அம்மா சிரித்தால் சிரிக்கட்டும்.