மகள் ஆர்ட் தெரபி படிக்க விரும்புகிறாள்: உசிலம்பட்டித் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற வாரம் மகளுடன் மதுரைக்கு வந்திருந்தபோது, அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரம் பார்த்துத் தாங்கள் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டீர்கள். “நன்றாக வரைகிறாள், சரி, வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆளை இழந்து அழுகிறவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு வேலையா, அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?” அன்று பாதிப் பதில்தான் சொன்னேன், மீதியை எழுதுகிறேன்.

முதலில், தங்கள் மகளுக்கு இந்த ஆசை விளம்பரத்தைப் பார்த்து வரவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது அவர் ஏழாம் வகுப்பில் இருந்தார். அங்கிருந்து தங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய உறவுக்காரச் சிறுவன் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கம் பக்கமாக ஒரே வீட்டை வரைந்துகொண்டிருந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. அந்தச் சரிவில் நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. உடலைக் காணாமல், கொள்ளி வைக்காமல், எந்த நாளில் திதி கொடுப்பது என்றும் தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல நம் வழக்கத்தில் உள்ள சொற்கள் போதுவதில்லை. சொல் நின்றுபோகும் அந்த இடத்தில் வண்ணத்தையும் களிமண்ணையும் கொடுத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பதே ஆர்ட் தெரபி எனப்படும் கலைவழிச் சிகிச்சை. இப்பெயரை 1942-இல் வழக்குக்குக் கொண்டுவந்த ஆட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர், காசநோய்க்காகப் படுத்திருந்த காலத்தில் தம்மிடமே அதன் பயனைக் கண்டவர்.

ஆனால் கலையார்வம் மட்டும் உள்ளவர் இத்தொழிலில் நன்மையை நினைத்தே தீங்கு செய்துவிடக்கூடும். பேரிடர் நடந்த முதல் நாட்களில் மக்களுக்கு வேண்டியவை உணவு, தண்ணீர், படுக்க இடம், காணாமற்போனவரைப் பற்றிய சரியான செய்தி ஆகியவைதாம். நடந்ததைச் சொல் என்று அப்போது நெருக்குவதை உலக சுகாதார நிறுவனமே விலக்குகிறது. சுனாமிக்குப் பிந்தைய முகாம் ஒன்றில், வந்துபோன ஒவ்வொரு குழுவும் அலையை வரையச் சொன்னதால், கேட்பதற்கு முன்பே அலையை வரைந்து நீட்டிய ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறுப்பு வண்ணம் என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று ஜோசியம்போல் பலன் சொல்வதும் அப்படிப்பட்டதே. படத்தில் என்ன இருக்கிறது என்பதை வரைந்தவரே சொல்லும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். துக்க வீட்டு வாசலில் கோலம் போடுவதில்லை என்ற நம் வழக்கை அறியாத ஒருவர், கணவனை இழந்த பெண்ணிடம் கோலத்தையே பயிற்சியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கிராமத்தில் பிறந்து ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த தங்கள் மகளுக்கு இந்த இங்கிதம் இயல்பாகவே இருக்கிறது. அதைப் படிப்பால் உறுதிப்படுத்துவதே நம் வேலை.

ஆகவே என் கருத்து இது: பட்டம் உளவியலிலோ சமூகப் பணியிலோ இருக்கட்டும், கலை அதன்மேல் வரட்டும். பிரிட்டனில் முதுகலைத் தகுதி பெற்றுப் பதிவு செய்யாதவர் ஆர்ட் தெரபிஸ்ட் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது. இங்கோ வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்கிறார். அத்தகைய வகுப்புக்குப் பணம் கட்டி அதையே தொழில்தகுதி என்று நம்ப வேண்டாம். வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் உளவியல் படிக்கலாமே என்றும் கேட்டீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியலில் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டதால், அவர் கல்லூரிக்கு நேரில் சென்றே படிக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் நல்ல இடங்கள்தாம். ஆனால் அங்கே ஓவியப் பட்டம் பெற்றபின் உளவியல் முதுகலைக்கு வர நினைத்தால் பல இடங்களில் தகுதி விதி குறுக்கே நிற்கும். இளங்கலை முடிந்ததும் மதுரை சமூக அறிவியல் கல்லூரி போன்ற இடத்தில் சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்து, மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பது ஒரு வழி. பேரிடர்க்கால உளச்சமூக ஆதரவுக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனம் அதற்கு அடுத்த படி.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பேரிடரை மட்டும் நம்பி ஒருவர் பிழைக்க முடியாது. நிவாரணப் பணிக்கு எடுக்கப்படும் ஆட்களுக்குப் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தம்தான். நிலையான வேலை மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சிறப்புப் பள்ளிகள், வலி தணிப்புச் சிகிச்சை மையங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் கிடைக்கும். நியமன ஆணையில் ஆலோசகர் என்றோ சமூகப் பணியாளர் என்றோ எழுதியிருக்குமே ஒழிய, கலைவழிச் சிகிச்சையாளர் என்று எழுதியிருப்பது அரிது. தொடக்க ஊதியம் பொறியியல் படித்த தங்கள் அண்ணன் மகனுடையதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சோதித்துவிடுவோம். பிறர் துயரத்தின் அருகே நாள்தோறும் அமர்ந்திருப்பது எல்லோராலும் இயலாது. இந்த விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு நாள் விளாச்சேரிக்குச் சென்று, பொம்மை செய்வோரிடம் மண் பிசையக் கற்றுக்கொள்ளட்டும். வேறு இரண்டு நாள் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய், எதையும் வரையச் சொல்லாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு மட்டும் வரட்டும். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் அரைப் பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாக அந்த நோட்டுடன் இருவரும் வாருங்கள். முடிந்தால் அவருடைய தாயாரையும் அழைத்து வாருங்கள், அவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கல்வி-வேலைவாய்ப்பு ஆலோசகர், மதுரை