வகுப்பில் சரி, பரீட்சையில் பிழை: தரம் 7 பின்னக் கூட்டல்

வகுப்பில் சரியாகச் செய்யும் பின்னக் கூட்டலை உங்கள் தரம் 7 பிள்ளைகள் தவணைப் பரீட்சையில் தவறவிட்டால், அதற்காக அலகை மீண்டும் கற்பிக்க வேண்டியதில்லை. 40 நிமிடப் பாடவேளை ஒவ்வொன்றின் முதல் 5 நிமிடத்திலும், கொப்பியைப் பார்க்காமல் இரண்டு பழைய கணக்குகளைச் செய்யவையுங்கள்.

உதாரணம் கரும்பலகையில் இருக்கும்போதே பயிற்சி செய்வதால், அவர்கள் முறையை நினைவிலிருந்து எடுக்காமல் பார்த்தே பின்பற்றியிருக்கலாம்.

நாளை முன்னறிவிப்பின்றி 1/2 + 1/3 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 5/6; மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு அது மறதியன்று, கருத்தே பதியவில்லை. கடதாசிக் கீற்றுகளை மடித்துக் காட்டுங்கள், அதற்கு ஒரு முழுப் பாடவேளை போனாலும் பரவாயில்லை.

இந்த 5 நிமிடக் கணக்குகளுக்குப் புள்ளி இடவேண்டாம். கணிதம் முதற் பாடவேளையாக இருந்தால், மழையில் மேட்டு லயங்களிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) நடந்து பிந்தி வரும் பிள்ளைகளுக்காக இந்த 5 நிமிடத்தைப் பாடத்தின் இறுதிக்கு மாற்றுங்கள்.