அப்பாவின் தக்காளிக்கு ஆராய்ச்சி எப்போது வந்து சேரும்? – பெங்களூர் வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு இங்கே ஐ.டி. வேலை, ஊர் ராயக்கோட்டை பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி போடுகிறார். காய் பிடிக்கும் நேரத்தில், இலை பச்சையாக இருக்கும்போதே செடி தலை சாய்ந்துவிடுகிறது. நெட்டில் படித்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், அவரோ மருந்துக்கடைக்காரர் சொல்வதைத்தான் அடிக்கிறார். ஆராய்ச்சி நிலையங்களில் இவ்வளவு கண்டுபிடித்தும் அது ஏன் அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை?
– ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: முதலில், அப்பா மேல் கோபப்படாதீர்கள். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், கடனுக்குக் கொடுக்கிறார், மருந்து கேட்கவில்லை என்றால் மறுநாள் காலையில் போய்ச் சண்டை போடலாம். நீங்கள் அனுப்பும் வீடியோவில் பேசுகிறவரிடம் "என் செடி வேற மாதிரி இருக்கே" என்று திருப்பிக் கேட்க முடியாதே.

நம்ம பெங்களூரிலேயே, மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற முயற்சி இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. நிபுணரைப் பேசவைக்காமல் பக்கத்து ஊர் விவசாயியை அவர் வயலிலேயே நிற்கவைத்துப் படம் எடுத்து, ஊரில் நாலு பேர் கூடும் இடத்தில் போட்டுக் காட்டினார்கள், நடுநடுவே நிறுத்திப் பேசுவதற்கு அந்த ஊர் ஆள் ஒருவரும் கூடவே இருந்தார். பார்த்தவர்கள் முதலில் கேட்டது உரம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்றில்லை. அவர் யார், எந்த ஊர்க்காரர் என்றுதான்.

அதனால் கொஞ்ச நாளைக்குப் பதில்களை அனுப்புவதை நிறுத்திவிட்டு அப்பாவிடமிருந்து கேள்வியை வாங்குங்கள். இன்றைக்கே வீடியோ காலில் ஒன்று செய்யலாம். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீருக்குள் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி ஆட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி வெள்ளையாக நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அப்படி இறங்காமல், அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் பூஞ்சாண வாடலாக இருக்கலாம். பாக்டீரியா வாடலுக்குப் பூஞ்சாண மருந்தை எத்தனை முறை அடித்தாலும் காசுதான் போகும், எனக்கு மனது ஆறாத விஷயம் இதுதான். வாடிய செடியை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும், அந்த இடத்துத் தண்ணீர் நல்ல செடிக்குப் பாயக் கூடாது. கிருமி மண்ணிலேயே தங்கும் என்பதால் அடுத்த போகம் தக்காளியும் வேண்டாம், அதன் பங்காளிகளான கத்தரி, மிளகாய், உருளையும் வேண்டாம். கேழ்வரகோ சோளமோ போடலாம்.

அப்புறம், மறுபடி தக்காளி போடும்போது பார்க்க வேண்டியது ரகம். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்கா ரக்ஷக் என்று ஒரு தக்காளியைக் கொடுத்திருக்கிறது. இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும். வீரிய ஒட்டு ரகம், பழத்திலிருந்து விதை எடுத்து வைக்க முடியாது, இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் உங்கள் பேச்சை அவர் கேட்கமாட்டார். முதலில் நாலு சால் மட்டும், அவர் வழக்கமாகப் போடுவதற்குப் பக்கத்திலேயே நடட்டும். வேளாண் அறிவியல் நிலையங்கள் செய்வதும் இதைத்தான். 1974இல் புதுச்சேரியில் முதலாவது தொடங்கியது, இன்று நாடு முழுக்க 700க்கு மேல். விவசாயியின் நிலத்திலேயே புது முறையையும் அவர் முறையையும் அருகருகே போட்டுக் காட்டுவார்கள், முடிவை அவர் கண்ணே சொல்லிவிடும். அவசரமென்றால் விவசாயிகளுக்கான அரசின் கிசான் கால் சென்டர் இருக்கிறது: 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 வரை, இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் அப்பாவே பேசட்டும். எப்போது நட்டது, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டது என்று கேட்டால் நீங்கள் முழிப்பீர்கள்.

முடிந்தால் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் வழக்கமாக நவம்பரில் நடக்கும் கிருஷி மேளா என்ற விவசாயக் கண்காட்சிக்கு அவரைக் கூட்டி வாருங்கள். தர்மபுரியிலிருந்து என் மாமாவை ஒருமுறை அழைத்துப் போனேன். கடைகளையெல்லாம் தாண்டிப் போனவர் கேழ்வரகு வயல் முன்னால் நின்றுவிட்டார். அங்கிருந்த பெண் விஞ்ஞானி விளைச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க, மாமா கேட்டது ஒன்றுதான்: "தாள் எவ்வளவு உயரம் வரும், மாடு தின்னுமா?" அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார், பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் மாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

கேள்வி: கேழ்வரகு மானாவாரியில் தானாக விளைவது. அதற்குக்கூட ஆராய்ச்சி தேவையா?
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: நிச்சயமாகத் தேவை. நீங்கள் சாப்பிடும் களிக்குப் பின்னால் மண்டியாவில் வேலை பார்த்த லட்சுமணய்யா என்ற மனிதரின் பல வருட உழைப்பு இருக்கிறது. நம் நாட்டுக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் ஒட்டுச் சேர்த்து அவர் எடுத்தவைதான் இண்டாஃப் ரகங்கள், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்த பெயர். கர்நாடக விவசாயிகள் அவரை ராகி லட்சுமணய்யா என்றே கூப்பிட்டார்கள். பிறகு பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 வந்தது. குலைநோய் கதிரின் கழுத்தில் விழுந்தால் மணியே பிடிக்காது, எந்த மழையும் அதைச் சரிசெய்யாது.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எங்கள் நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது?
– அல்சூர் வாசகர்

பதில்: வரப்போரம், மரத்தடி, எருக்குவியல், அண்மையில் உரம் போட்ட இடம் இவற்றை விட்டுவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10, 15 இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, 'வி' வடிவில் அரை அடிக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள், பழைய உரச்சாக்கு மட்டும் வேண்டாம். தென்னை, மா இருந்தால் ஆழமாக எடுக்க வேண்டும், அதைத் தனிப்பையில் போட்டு எந்த ஆழம் என்று மேலே எழுதிவிடுங்கள்.