நண்டுக் காலுக்குத் தனிக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். மிர்ட்டில் பீச் என்ற கடற்கரை ஊருக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் ‘கலபாஷ் ஸ்டைல்’ என்று பலகை போட்ட கடல் உணவு பஃபே இருக்கிறது. ஆளுக்கு 27 டாலர், நண்டுக் கால் சேர்த்தால் 39. அப்பாவுக்கு நண்டு என்றால் உயிர். போட்ட காசுக்குத் தேறுமா?

பதில்: முதலில் அந்தப் பலகை. கலபாஷ் என்பது வட கரோலினாவின் தென்கோடியில், தென் கரோலினா எல்லையை ஒட்டிய குட்டி ஊர். மீன், இறால், சிப்பியை மெல்லிய மாவில் புரட்டி, சட்டென்று பொரித்து, சுடச்சுடத் தட்டில் போடுவது அந்த ஊர்ப் பக்குவம். நம்மூரில் ‘செட்டிநாடு’ என்று எழுதிய கடையெல்லாம் காரைக்குடியில் இல்லை அல்லவா, இதுவும் அப்படித்தான்.

மெல்லிய மாவுப் பொரியல் கல்லிலிருந்து எடுத்த தோசை மாதிரி. பத்து நிமிடம் போனால் வேறு பண்டம். அதைக் கொண்டுபோய்ச் சூடான தட்டில், விளக்குக்குக் கீழே வைத்தால் நமத்துப் போகாமல் என்ன செய்யும்? ஆகவே பஃபேயில் நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை வகை என்பதை அல்ல, தட்டு எத்தனை வேகமாகக் காலியாகிறது என்பதை. கூட்டம் இருக்கும் நேரத்துக்குப் போங்கள். வெள்ளி, சனி மாலை ஆறு மணி, அல்லது ஞாயிறு சர்ச் விட்ட பிறகு மதியம். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், நில்லுங்கள். மூன்று மணிக்கு ஆளில்லாத கடையில் சும்மா உட்கார்ந்து சாப்பிடும் இறாலுக்கு 27 டாலர் அநியாயம்.

உள்ளே போனதும் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சமையலறைக் கதவிலிருந்து புதுத் தட்டு வரும்போது உள்ளூர்ப் பெரியவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் பின்னாலேயே போனால் போதும். வாசலருகே சுகாதாரச் சோதனை அட்டையும் தொங்கும். இரண்டு கரோலினாவிலும் அதை மாட்டியே ஆக வேண்டும். அதில் ‘ஏ’ தரம் இல்லை என்றால் காரைத் திருப்புங்கள். இரண்டாம் முறை எடுக்கப் போகும்போது எச்சில் தட்டோடு போகக் கூடாது, புதுத் தட்டுதான். அது விதி. ஒரே தட்டு போதும் என்று சிக்கனம் பார்க்கும் நம் அப்பாக்களுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

நண்டுக் கால் பெரும்பாலும் ஸ்னோ கிராப். அலாஸ்கா, கனடா பக்கத்துக் குளிர்கடலில் பிடித்து, அங்கேயே அவித்து, உறையவைத்து வருவது. இந்தக் கடையில் அதைச் சூடு மட்டும்தான் பண்ணுகிறார்கள். எடையில் பாதியோ அதற்கு மேலோ ஓடு. தொட்டுக்கொள்ள உருக்கிய வெண்ணெய் மட்டும்தான், மிளகு மசாலா எல்லாம் கிடையாது. அப்பா பொறுமையாக உடைத்து, உறிஞ்சிச் சாப்பிடுகிறவர் என்றால் அந்த 12 டாலர் தேறும். ஆனால் அவருக்கு மட்டும் வாங்கலாமா, மேஜைக்கே ஒரே விலையா என்று உட்காரும் முன் கேளுங்கள். பகிர்ந்து சாப்பிட விடமாட்டார்கள். சாலட் வரிசையில் ஓரம் சிவந்த வெள்ளைத் துண்டுகள் இருக்கும். அது நண்டல்ல, மீனை அரைத்துச் செய்தது. அதை அள்ளிக்கொண்டு ‘நண்டு சாப்பிட்டேன்’ என்று வராதீர்கள்.

ஒன்று கண்டிப்பாக: அப்பாவுக்குச் சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ இருந்தால் வேகாத பச்சைச் சிப்பி வேண்டாம். அதில் இருக்கக்கூடிய விப்ரியோ கிருமி அப்படிப்பட்டவர்களுக்கு உயிராபத்து. பொரித்ததைச் சாப்பிடட்டும்.

கேள்வி: அம்மா மீன் சாப்பிடுவார், பன்றி, மாடு தொடமாட்டார். கீரை, பீன்ஸ் எல்லாம் இருக்குமே, பயமில்லையே?

பதில்: பயமே அங்கேதான். தெற்கத்திச் சமையலில் காலர்ட் கீரையையும் பீன்ஸையும் பன்றிக் கால் எலும்போ பேக்கன் என்ற பன்றி இறைச்சிக் கீற்றோ போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பரிமாறும் பெண் ‘வெறும் கீரைதான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார், அவருக்கு அது பொய்யில்லை. ‘ஹாம், பேக்கன், பன்றிக் கொழுப்பு ஏதாவது?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கம்போ என்ற குழம்பில் சாசேஜ் இருக்கும். அம்மாவுக்கு மீன், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், அப்புறம் ஹஷ் பப்பி. இது சோளமாவு போண்டா, நம் நாக்குக்கு உடனே ஒட்டும். ஸ்வீட் டீ என்றதும் பால் டீ என்று நினைத்துவிடப் போகிறார், அது ஐஸ் போட்ட சர்க்கரைப் பாகு.

சுத்த சைவம் என்றால் கூட்டிப் போகவே வேண்டாம். எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிகிறது.

கேள்வி: நாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறோம். டிப்ஸ் எதற்கு?

பதில்: இரண்டு கரோலினாவிலும் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அதே தொகை. டிப்ஸையும் சேர்த்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் எச்சில் தட்டையும் நண்டு ஓட்டையும் அள்ளி, டீ ஊற்றிக்கொண்டே இருக்கிறார் ஒருவர். வரிக்கு முந்தைய தொகையில் பத்து சதவீதம் வழக்கம், ஓடியாடிக் கவனித்தால் பதினைந்து. பெரிய கும்பலாகப் போனால் பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், இரண்டு முறை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ‘லோக்கல் இறால்’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அமெரிக்கர்கள் சாப்பிடும் இறாலில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி. நிறைய அனுப்புவது இந்தியா, அதிலும் ஆந்திரா. இறால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வைக்கும் மத்தியச் சட்டம் சூப்பர் மார்க்கெட்டோடு நிற்கிறது, உணவகத்தைக் கட்டுப்படுத்தாது. லூசியானாவில் 2019 முதலும் அலபாமாவில் 2024 முதலும் உணவகங்கள் இதைச் சொல்லியாக வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டும். ‘எந்தப் படகு, எந்த ஊர்?’ என்று கேட்டால் உண்மையான லோக்கல் கடைக்காரர் படகுக்காரர் கதை வரைக்கும் சொல்வார். மற்றவர் ‘கடலிலிருந்துதான்’ என்பார். அப்படிச் சொன்னால் அது ஆந்திராவின் பீமவரத்துக் குளத்து இறாலாகக்கூட இருக்கலாம். தாராளமாகச் சாப்பிடுங்கள், ‘லோக்கல்’ என்பதற்காகக் கூடுதல் காசு மட்டும் கொடுக்காதீர்கள்.