ஜாமீன் கையெழுத்து

கேள்வி: அக்கா, தாராவியில் இருக்கிறேன். அத்தை மகன் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மனசில்லை, மறுக்கவும் வாய் வரவில்லை.

பதில்: போடாதே தங்கச்சி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடன் வாங்கியவருக்குள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை நின்றால் வங்கி நேராக உன்னிடமே வரலாம். மாட்டுங்காவில் குடியிருந்தபோது, நண்பருக்காக என் வீட்டுக்காரர் போட்ட கையெழுத்துக்கு நான் வளையல்களை விற்றேன். அந்த நட்பும் மிஞ்சவில்லை.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று இழுக்காதே, பாவம், அவர் நம்பியிருப்பார். "அத்தான், இனி யாருக்கும் ஜாமீன் போடுவதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று சொல். காரணங்களை அடுக்காதே, ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும். அத்தை கோபப்படுவார். பொங்கலுக்கு வழக்கம்போல் அவர் வீட்டுக்குப் போய் வா.