தடுப்பதும் விலக்குவதும்: பம்ப் குறித்து ஒரு கடிதம்

வணக்கம். இதய மருந்தான டிஜாக்சின், இதயத்தசைச் செல்களின் சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுத்தே வேலை செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதே பம்ப் சிறுநீரகச் செல்களிலும் இருக்கும்போது, மருந்து உண்பவரின் சிறுநீரகம் ஏன் ஓய்ந்துவிடுவதில்லை? மேலும், சிறுநீரகத்தைப் பற்றிய கட்டுரைகளில் இவ்வகை மருந்து பம்பைத் 'தடுக்கிறது' என்னாமல் 'ஒழுங்குபடுத்துகிறது' என்கிறார்களே, அது வெறும் சொல் வேறுபாடுதானா?
க.

அன்புள்ள க.,

முதல் கேள்விக்கு விடை எளிது. மருத்துவ அளவில் தரப்படும் டிஜாக்சின் பம்புகளில் ஒரு பகுதியை மட்டுமே பற்றுகிறது; செல்லுக்குள் சோடியம் சற்று ஏறியதும் எஞ்சிய பம்புகள் வேகமெடுத்துப் பெரிதும் ஈடுகட்டிவிடுகின்றன. இதயத்தசையிலோ அந்தச் சிறு ஏற்றமே கால்சியம் வெளியேறுவதைக் குறைத்துச் சுருக்கத்தை வலுவாக்கப் போதுமானது. 1785-இல், டிஜாக்சின் வகை மருந்துகளின் மூலமான டிஜிட்டாலிஸ் செடியின் இலையால் நீர்வீக்கம் வடிந்ததைப் பதிவுசெய்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் அதைச் சிறுநீர் பெருக்கியாகவே கையாண்டார்; உண்மையில் அந்தப் பலனின் பெரும்பங்கு, வலுப்பெற்ற இதயம் சிறுநீரகத்துக்குக் கூடுதல் ரத்தம் அனுப்பியதால் வந்தது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. சிறுநீரக நுண்குழல் செல்லுக்கு இரு முகங்கள் உண்டு. சிறுநீர் ஓடும் முகத்தில், ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டுச் சோடியத்தை உள்ளே வாங்கும் என்.எச்.இ.3 என்ற புரதம் இருக்கிறது. ரத்தத்தை நோக்கிய முகத்தில், ஒரு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை ஏற்கும் பம்ப் இருக்கிறது (1957-இல் யென்ஸ் ஸ்கௌ இதை நண்டின் நரம்பில் கண்டறிந்தார்). பன்றியின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்படும் எல்.எல்.சி.-பி.கே.1 செல்களில், டிஜாக்சினைப் போலவே பம்பைப் பற்றும் ஊவாபெயின் என்ற பொருளைக் குறைந்த செறிவில் சில மணி நேரம் வைத்திருந்தால், பம்புகள் சவ்விலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. அத்தோடு நில்லாமல், மருந்து தொடாத எதிர்முகத்தில் என்.எச்.இ.3-உம் குறைகிறது. செல்லுக்குள் சோடியம் குறிப்பிடத்தக்க அளவு ஏறாத நிலையிலும் இது நடப்பதால், பம்பின் வேகம் குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பற்றப்பட்ட பம்ப் ஏதோ ஒரு செய்தியைச் செல்லுக்குள் அனுப்புகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே 'ஒழுங்குபடுத்துகிறது' என்பது பொருத்தமான சொல்தான்.

அந்தச் செய்தியைச் சுமப்பது சார்க் எனும் நொதி என்பது பலரின் முடிவு. ஆனால் பம்ப் சார்க்கை நேரடியாகவே பிடித்து வைத்திருந்து விடுவிக்கிறதா, அல்லது செல்லின் ஏ.டி.பி. நிலை மாறுவதால் சார்க் தூண்டப்படுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு தீரவில்லை. சமிக்ஞை உண்டு என்பதை நான் ஏற்கிறேன்; நேரடிப் பிணைப்பு என்பதை இன்னும் கருதுகோளாகவே வைத்திருக்கிறேன்.

இனி அக்கட்டுரைகளைப் படிக்கும்போது, செல் எந்த விலங்கினுடையது என்பதை முதலில் பாருங்கள். எலியின் சிறுநீரகப் பம்பில் 111, 122 ஆகிய இரு இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால், அது ஊவாபெயினுக்கு மனிதப் பம்பைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாகவே இணங்குகிறது. பன்றிச் செல்லில் 'குறைந்த செறிவு' எனப்படுவது எலிச் செல்லில் பம்பை அசைக்கவே போதாது.